பொம்மையில் எப்போதும் வந்துவிடும்

கரியாலூரை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும். மூன்று மாதம் அங்கே வீடு கட்டுகிற இடத்தில் செங்கல் சுமந்தேன். யாரோடும் சண்டை இல்லை. காலையில் எழுந்தபோது இந்த இடம் போதும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் இப்படித்தான். அடிவாரம் வரை நடந்து, பஸ் ஏறிச் சின்னசேலம் போய், அங்கிருந்து சேலத்துக்கு ரயில் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு வளைவில் ஜீப் ஒன்று சாய்ந்து நின்றது. பின்சக்கரத்தில் காற்று இல்லை. டிரைவர் என்னைப் பார்த்ததும், "ஒரு கை குடுண்ணே. உள்ள புள்ளத்தாச்சி இருக்குது" என்றான்.

உள்ளே நீளவாட்டு சீட்டில் அந்தப் பெண் படுத்திருந்தாள். தலைமாட்டில் மாமியார். கால்மாட்டில் சீருடை போட்ட ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும். நர்ஸ் என்று நினைத்தேன். நர்ஸ் இல்லை, கள்ளக்குறிச்சியில் அதற்குப் படிக்கிறவள். பயிற்சிக்காக மேலே சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த நர்ஸம்மா காலையிலேயே வேறொரு பிரசவக்காரியோடு ஆம்புலன்ஸில் மலையிறங்கிவிட்டார். சீட்டில் படுத்திருந்தவளுக்குச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறான். வேறு ஆள் இல்லாததால் கையில் ஒரு மருந்துப் பையைக் கொடுத்து மாணவியை ஏற்றிவிட்டிருந்தார்கள். பிரசவம் பார்த்திருக்கிறாள், ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒருவர் நின்றிருக்கிறார். இதையெல்லாம் டிரைவர் நட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான். போனில் சிக்னல் இல்லை என்பதையும் சொன்னான்.

சக்கரத்தைக் கழற்றி எடுத்த நேரத்தில், வண்டியை ஆட்டாதீங்க என்று உள்ளிருந்து மாணவி சொன்னாள். குழந்தையின் தலை தெரிகிறதாம். ஜாக்கி நழுவாமல் இருக்க நானும் டிரைவரும் கல் பொறுக்கி அடியில் அடுக்கினோம். மாமியார் பையிலிருந்த புடவையைத் தூக்கிப் போட்டாள். ஜீப்பின் பின்பக்கத்தை மறைத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றோம்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாணவியின் குரல் வழியாகத் தெரிந்ததுதான். பரீட்சையில் வாத்தியார் முன்னால் ஒப்பிப்பது போல, செய்வது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். கை கழுவியாச்சு. கையுறை போட்டாச்சு. தலை வருது, கையால தாங்குறேன். கழுத்துல கொடி சுத்தியிருக்குதான்னு பாக்குறேன். இல்ல. வலியிலும் அந்தத் தாய், "யார்கிட்டம்மா சொல்லிக்கினு இருக்கே?" என்று கேட்டாள். டிரைவர் சிரித்துவிட்டான். அடுத்த நிமிடம் குழந்தை அழுதது. பெண் குழந்தை, துடைக்கிறேன், தாய் மேல போடுறேன் என்று குரல் தொடர்ந்தது. தாய்க்கு மாத்திரை கொடுத்ததையும் கொடியை வெட்டியதையும் சொன்னாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நஞ்சுக்கொடி விழவேண்டும். அது கழன்றால் வெளியே தொங்கும் கொடி நீளுமாம். கொடி நீளுதான்னு பாக்குறேன், என்றாள். கொஞ்சம் கழித்து அதையே மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப்பின் தகரத் தரையிலிருந்து ஏதோ சொட்டியது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை.

புடவை விலகிய இடைவெளியில், மாமியார் தன் மருமகளின் சடையை அவள் வாயில் திணிக்கப் போவது தெரிந்தது. குமட்டினால் நஞ்சு விழுந்துவிடும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. மாணவி தடுத்தாள். அப்படியானால் கொடியைப் பிடித்து இழு என்றாள் மாமியார். இழுத்தால் ரத்தம் பெருகும், மாட்டேன் என்றாள் இவள்.

"நாலு பெத்தவ நான் சொல்றேன். கண்ணாலமே ஆவாத நீ இன்னாத்த கண்ட?"

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்றாள் மாணவி. "அண்ணா, வண்டிய எடுங்க."

புடவையைப் போட்டுவிட்டு ஸ்டெப்னியை உருட்டினோம். ஐந்து நட்டில் ஒன்று மரை ஏறாமல் அடம் பிடித்தது. அதை விட்டுவிட்டு நாலோடு கிளம்பினோம். நான் பின்னால் ஏறி, அந்தப் பெண்ணின் கால்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாணவி அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் பதில் வந்தது, கச்சிராயபாளையம் தாண்டியபோது முனகல் மட்டும் வந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் மாற்றியபோது அவள் உதடு வெள்ளையாக இருந்தது.

என் வேலை அதோடு முடிந்தது. சின்னசேலம் பஸ் வெளியே நின்றிருந்தது. ஏறாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"எங்க ஸ்கூல்ல பொம்மை இருக்குதுண்ணா. நஞ்ச துணியில தெச்சு, உள்ள பட்டன் போட்டு மாட்டியிருப்பாங்க. லேசா இழுத்தா வந்துடும். எத்தன தடவ செஞ்சாலும் வந்துடும். ஜீப்ல அந்தக் கொடிய ஒரு தடவ இழுத்துட்டேன். தெரிஞ்சு இழுக்கல. கை தானா இழுத்துடுச்சு. அதுக்கு அப்புறம்தான் ரத்தம் ஜாஸ்தியாச்சு."

யாருக்கும் தெரியாது, விட்டுவிடு என்று வாய் வரைக்கும் வந்தது. உள்ளே இருக்கிறவள் செத்துப்போனால் அந்தச் சொல் என்ன ஆகும் என்று பயந்து சும்மா இருந்தேன்.

இருட்டுவதற்கு முன் டாக்டரம்மா வெளியே வந்தார். நஞ்சை எடுத்தாயிற்று, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றார். மாமியார் அப்போதுதான் அழுதாள். மாணவி எழுந்து போய், தான் இழுத்ததைச் சொன்னாள். டாக்டரம்மா எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு பலமாக என்று கேட்டார். அதனால்தான் ரத்தம் போனது என்றும் சொல்லவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி பதிவு நோட்டில் எழுது, உன் டீச்சரிடம் நான் பேசுகிறேன் என்றார். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். நடுவில் இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டாள்.

நான் வாசலில் படுத்துக்கொண்டேன்.

காலையில் டிரைவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு, தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். தரையில் காய்ந்து கிடந்ததைப் பார்க்க அவனால் முடியவில்லை. மலைமேலே நாள் நெருங்கிய பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம், வலி எடுப்பதற்கு முன்னாலேயே கூட்டிவர ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்களாம். "தனியா போவ பயமா கீதுண்ணே. கூட வர்றியா? கிளீனரா இருந்துக்க" என்றான். சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான்.

வாளியில் தண்ணீர் பிடித்துவந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். சீட்டின் தையலுக்குள் இறங்கியிருந்தது மட்டும் போகவில்லை. எங்களோடு மேலே போக மாணவி பையோடு வந்து நின்றாள். ஈரம் காயலை, கொஞ்சம் பொறும்மா என்றேன். நேரமாச்சு என்று சொல்லி, பேப்பரை விரித்து அதன் மேல் உட்கார்ந்தாள்.