ஊசியின் காதுக்கு ஒரு குறிப்பு

இலவசமாகப் பெற்றதற்கு ஒரு மனிதன் என்ன விலை தருகிறான்? எங்கள் தெருத் தையல்காரரின் வாழ்க்கை என்னிடம் இதைத்தான் கேட்டது.

ஞாயிறு மதியம் அவர் வேதபாட வகுப்பு எடுப்பார். அதற்கு எந்த வேதாகம மென்பொருள் வாங்கலாம் என்று மைத்துனனைக் கேட்டார். அப்படி ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை.

"காசு எதுக்கு அத்தான்? எங்க இலவசப் பதிப்புலயே வசனத்துக்கு வசனம் குறிப்பும் எழுதிக்கலாம்." அவனே பதிந்து கொடுத்தான்.

ஒன்பது ஆண்டுகள், காஜா எடுத்த விரல்களால் தினமும் ஒரு குறிப்பு தட்டினார். பெரிய ஞானம் என்று சொல்லமாட்டேன். ஒட்டகமும் ஊசியின் காதும் வரும் வசனத்துக்கு, "நூல் நுழையவே நுனியை நனைக்க வேண்டும், பணக்காரன் அழக் கற்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் அதே மென்பொருளின் கட்டணப் பதிப்பில் இருந்த விளக்கவுரையிலிருந்து அவருடைய அந்த வரியை வாசித்தாள். எழுதியவர் பெயர் இல்லை.

மைத்துனனிடம் போனார்.

"எழுதுறதெல்லாம் கம்பெனிக்குன்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு அத்தான். சம்மதம்னு நான்தானே அமுக்கினேன்."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். விடுங்க, கட்டணப் பதிப்பை உங்களுக்குப் பாதி விலைக்கு வாங்கித் தரேன்."

அந்த வாரமே அவர் முழு விலை கொடுத்து அதை வாங்கினார். ஏன் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.