கையைக் காட்டினேன், காலைப் பார்த்தார்

மகளின் கலியாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது என் வலது கையில் கொப்புளம் கிளம்பியது. விரல் ஓரமெல்லாம் சவ்வரிசியை ஒட்டிவைத்த மாதிரி. அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு.

இடது கையாக இருந்தால் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்திருப்பேன். வலது கையை எங்கே ஒளிப்பது? எங்கள் ஆட்களின் கலியாணத்தில் ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து, சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். முதல் சஹனில் மாப்பிள்ளையின் வாப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டுத் தேநீர்க் கோப்பையின் விளிம்பைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுக் குடித்த மனிதர். என் கையைக் கண்டு அவர் சஹனை விட்டு எழும்பினால், மகள் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போவாள்?

“இறால் ஒத்துக்கல்ல போல,” என்றாள் மனைவி. எனக்கு இறால் பண்ணையில்தான் வேலை. இத்தனை வருடம் நாள் முழுக்க முழங்கால்வரை ரப்பர் சப்பாத்தோடு அதுகளுக்குத் தீனி போட்டிருக்கிறேன். இப்போதா என்னைப் பிடிக்காமல் போனது?

பாமசியில் ஒரு டியூப் தந்தார்கள். இரண்டு நாள் அடங்கிய கொப்புளம், மூன்றாம் நாள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. கலியாணத்துக்கு மருதோண்டி அரைத்துக்கொண்டிருந்த மச்சினி, “இதப் பூசுங்க மச்சான், குளிர்ச்சி,” என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அரிப்பும் அடங்கும், கொப்புளமும் மறையும். அள்ளிப் பூசினேன். மறுநாள் காலையில் கை செக்கச் செவேலென்று இருந்தது. கொப்புளங்கள் அதைவிடச் சிவப்பு.

அந்தக் கையோடுதான் தோல் கிளினிக்குக்குப் போனேன். உட்காரப் போட்டிருந்த வாங்கில் எனக்கு முன்னால் முகத்தில் மங்கு, முதுகில் தேமல், தலையில் பொடுகு, கன்னம் நிறையப் பரு. தன்னுடையதை மறைத்துக்கொண்டு அடுத்தவருடையதை எட்டிப் பார்ப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. என் கையைப் பார்த்ததும் தேமல்காரர் அரை முழம் தள்ளி உட்கார்ந்தார். தேமலே என்னை ஒதுக்கிவிட்டது.

டொக்டர் சிங்களப் பெண். நிறுத்தி நிறுத்தி நல்ல தமிழ் பேசினார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தச் சிவப்பு நோய் வருத்தமா, மருந்தா?”

“மருதோண்டி, டொக்டர்.”

“மாப்பிள்ளை நீங்களா?”

பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“செருப்பைக் கழட்டுங்க.”

“காலுக்கு ஒண்டுமில்ல டொக்டர். வருத்தம் கையில.”

“கழட்டுங்க ஐயா.”

கழற்றினேன். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வெள்ளையாக ஊறி, தோல் பிரிந்து கிடந்தது. அது எத்தனையோ வருடமாக அப்படித்தான் இருக்கிறது. நான் அதை வருத்தமென்று நினைத்ததேயில்லை. என் காலே அப்படி என்று இருந்துவிட்டேன்.

காலிலும் கையிலும் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“காலில பங்கசு இருக்கு, பூஞ்சைக் கிருமி. கையில இல்ல.”

“அப்ப கையில இருக்கிறது?”

“காலில இருக்கிற பங்கசோட உடம்பு கோவிக்குது. அந்தக் கோபம் கையில வந்திருக்கு.”

“காலோட கோபமெண்டா காலிலதானே வரணும்?”

“தோல் அப்பிடித்தான் ஐயா. காலுக்கு மருந்து பூசுங்க, கை தன்ட பாட்டில சுகமாகும். அந்த டியூபும் மருதோண்டியும் வேணாம்.”

“கையால மத்தவங்களுக்கு ஒட்டுமா?”

“கையால ஒட்டாது. கால்தான் ஒட்டும்.”

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: “நானும் பக்கத்திலதான் நிண்டேன். எனக்கே விளங்கல்ல. சம்மந்திக்கு என்னண்டு விளங்கப்படுத்தப் போறீங்க?”

கலியாணத்தன்று கொப்புளம் காய்ந்திருந்தது. தோல்தான் பாம்புச்சட்டை மாதிரி உரிந்துகொண்டிருந்தது. கால்தான் ஒட்டும் என்றாரே என்று வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு பாயில் சம்மணமிட்டேன். அப்போதுதான் உறைத்தது: சம்மணமிட்டால் சஹனுக்கு மிகக் கிட்ட இருப்பது காலேதான்.

“கைக்கு என்ன மச்சான்?” சம்மந்தி கேட்டார்.

“கைக்கு ஒண்டுமில்ல. வருத்தம் காலில.”

முதல் வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம். சம்மந்தி குனிந்து காலுறையைப் பார்த்தார். காலுறைக்கும் சோற்றுக்கும் இடையில் ஒரு சாண். மற்ற நால்வரின் கைகளும் அந்தரத்தில் நின்றன. டொக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். பங்கசு, கோபம், கால், கை என்று சொல்லச் சொல்ல எனக்கே நான் பொய் சொல்வது போலிருந்தது.

“பிஸ்மி சொல்லுங்க மச்சான், சோறு ஆறுது,” என்று சம்மந்தி கை போட்டார். எழும்பவில்லை. நானும் போட்டேன்.

ஆனால் சாப்பாடு முடியும்வரை அவர் கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார். சம்மந்திக்கு நல்ல துண்டைத் தள்ளுவது எங்களிடையே மரியாதை. இது மரியாதையா, வேறேதுமா என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என்ன தின்றேன் என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன்.

“மரியாதைக்குத்தான் தள்ளியிருப்பார்,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அது நீங்க தொட்ட கோழியா, தொடாத கோழியா?”

எனக்கு ஞாபகமில்லை.