பிச்சையம்மாள் எழுந்து நின்ற பெரிய வெள்ளி

பிச்சையம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. கோடைக்கானல் பஜாரில் முப்பது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவன் நான். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் கடைசி யாத்திரைக்கும் துணி தைத்தது இந்தக் கைதான். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் பழனி அடிவாரத்துப் பெண். அவளுடைய அண்ணன் குருநாதன் அங்கே நேர்த்திக்கடன் செலுத்த வருகிற ஜனங்களுக்கு முடி இறக்குகிறவன். எங்கள் சபையைச் சேர்ந்த சந்தோஷம் என்ற கொத்தன் பழனியில் ஒரு சத்திரம் கட்டும் வேலைக்குப் போனான். போன இடத்தில் அவளைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டு, கல்யாணம் பேசி மலைக்குக் கூட்டி வந்துவிட்டான். போதகர் எஸ்தர் என்று பெயர் வைத்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தப் பெயர் சபை ஏட்டில் ஏறியதோடு சரி. நாங்கள் கடைசிவரை 'பழனிக்காரி பிச்சையம்மா' என்றுதான் கூப்பிட்டோம். அதில் ஒரு குத்தல் இருந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் என்னவோ பெத்லகேமில் பிறந்த மாதிரி!

உள்ளதைச் சொன்னால், லெந்து என்கிற தபசு காலத்தை அவளைப் போல அனுசரித்தவர்கள் எங்களில் கிடையாது. நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். பங்களாவில் பாத்திரம் தேய்த்து வயிறு கழுவுகிற அவள் கலயம்தான் எப்போதும் கனமாக இருக்கும். என் பெண்டாட்டி கலயத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஒரு ஐப்பசி மழையில், பங்களாக் கூரையில் தகரம் மாற்ற ஏறிய சந்தோஷம் வழுக்கி விழுந்து செத்துப்போனான். குழந்தை சுகிர்தத்துக்கு அப்போது இரண்டு வயது. குழியை மூடி முடித்ததும் பிச்சையம்மாள் போதகர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயா, இவருக்குப் பக்கத்துல எனக்கும் பிள்ளைக்கும் எடம் விட்டு வைங்க. நாங்க மூணு பேரும் ஒண்ணாக் கெடக்கணும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

போதகர் சரி என்றார். கல்லறைத் தோட்டத்தில் இரண்டு ஆள் இடத்துக்கு அவளே கல் பொறுக்கி வரம்பு கட்டினாள். ஞாயிறு தோறும் களை பிடுங்கினாள். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த சொத்து அதுதான்.

முப்பத்திரண்டாம் வருஷம் பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் ஒரே வாரத்தில் வந்தன. அந்த லெந்தில் சுகிர்தத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு வயதுக் குழந்தை, பன்னிரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. பஜாரில் மருந்துக்கடை வைத்திருந்த இப்ராம்சா பாய் பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்தவர். அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூளைக்குச் சூடு ஏறியிருக்கிறது, முடியை மழித்துவிட்டு ஈரத்துணி போடு என்று சனிக்கிழமை சொல்லிவிட்டு, சாயங்காலமே சரக்கு எடுக்க மதுரைக்குப் போய்விட்டார். மருமகளைப் பார்க்க அன்றைக்குத்தான் குருநாதன் மலையேறி வந்திருந்தான். கத்தி அவன் மடியிலேயே இருக்கிறது. தானே மழித்து, குளிர்ச்சிக்குச் சந்தனமும் அரைத்துப் பூசிவிட்டான். உத்திரக் கூட்டம் காத்திருக்குமே என்று மறுநாள் வெள்ளனே கிளம்பியும் போய்விட்டான். இதெல்லாம் நடந்தது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும் குருநாதன் வந்துபோனதும் தவிர இதில் ஒன்றுகூட அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

குருத்தோலை ஞாயிறு. எங்கள் மலையில் தென்னை ஏது? அய்யம்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்த குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பாடியபடி கோயிலைச் சுற்றி வந்தோம். போதகர் ஜெபம் பண்ணட்டும் என்று பிச்சையம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காற்றில் குழந்தையின் தலைத்துணி நழுவியது. மொட்டைத்தலை, நிறையச் சந்தனம்.

பழனிக்கு மேலே இந்த மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு, பங்குனி மாசம் சந்தனம் பூசிய மொட்டையைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்ததோடு வாயை மூடியிருக்கலாம்.

"என்ன பிச்சையம்மா, அண்ணன் வந்துட்டுப் போன கையோட பிள்ளைக்கு முடி எறக்கியாச்சா? நேர்த்திக்கடன் யாருக்கு?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்.

அவள் பதறிப்போனாள். "ஐயையோ, காய்ச்சலுக்குங்கண்ணே! மருந்துக்கடை பாய் மழிக்கச் சொன்னாருங்க."

ஆராதனை முடிந்ததும் நேரே மருந்துக்கடைக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. "நல்ல சாட்சியாப் பாத்துத்தான் பிடிச்சிருக்கா. ஆள் ஊர்லயே இல்ல," என்று மூப்பர் ஞானாபரணத்திடம் வந்து சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். சபை ஒழுங்கு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

லெந்து காலத்தில் எங்களுக்குள் சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். திங்கள்கிழமை பிச்சையம்மாள் வீட்டு முறை. ஒருத்தரும் போகவில்லை. நானும் போகவில்லை. மறுநாள் அந்த வழியாகப் போன என் பெண்டாட்டி, "அக்கம்பக்கத்துல எரவல் வாங்குன பாயெல்லாம் விரிச்சபடியே கெடக்குங்க. காப்பிச் சட்டியும் அடுப்புலயே இருக்கு," என்று வந்து சொன்னாள். சொன்னவளை நான் அதட்டினேன்.

புதன்கிழமை சபைப் பஞ்சாயத்துக் கூடியது. ஐந்து பேர், அதில் நான் ஒருவன். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அழக்கூட இல்லை. பாய் வரும்வரை பொறுக்கலாமே என்று போதகர் இழுத்தார். நல்ல மனுஷன், ஆனால் அவர் குரல் அவருக்கே கேட்காது. "நாளைக்குப் பெரிய வியாழன், திருவிருந்து. அதுவும் பொறுக்குமா ஐயா?" என்று கேட்டது நான். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துப் பந்தியிலிருந்து அவளை விலக்குவதென்று முடிவாயிற்று. சபைக்கு முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை சேர்ப்பதில்லை. எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கியவனும் நான்தான். பாவி!

வியாழக்கிழமை மத்தியானம் சுகிர்தத்தின் மூச்சு நின்றுவிட்டது.

செய்தி சொல்ல பிச்சையம்மாளே மூப்பர் வீட்டுக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். "பிள்ளைய அவுக அப்பாகிட்ட படுக்க வைக்கணுங்க," என்றாள். விலக்கு உள்ள குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று மூப்பர் சட்டம் பேசினார். நாளைக்கு ஆராதனையில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டால் கையோடு அடக்கம் பண்ணிவிடலாம், அப்புறம் ஈஸ்டருக்குப் பந்தியிலும் சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

"செய்யாதத எப்படிங்க செஞ்சேன்னு சொல்றது?"

"அப்போ பொதுச் சுடுகாட்டுக்குக் கொண்டு போ."

அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது, யாராச்சும் சொல்லிக் குடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கடையில் குழந்தையை வைக்கும் சின்னப் பெட்டிக்கு வெள்ளைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய இப்ராம்சா பாய் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"டெய்லரு, சந்தோஷம் பிள்ளைக்கு எப்படி இருக்கு? தலைய மழிச்சு ஈரத்துணி போடச் சொல்லிட்டுப் போனேனே. போட்டாளா?"

"நேத்துப் போயிருச்சு பாய்," என்று மட்டும் சொன்னேன். "யா அல்லா!" என்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது மணி ஒன்பது. ஆராதனை பன்னிரண்டுக்கு. கோயில் கூப்பிடு தூரம். மூன்று மணி நேரம் எனக்குக் கையில் இருந்தது. ஓடிப்போய் மூப்பரிடம் சொல்லியிருக்கலாம், போதகரிடம் சொல்லியிருக்கலாம். நான் துணிதான் வெட்டினேன். ஏன் என்று கேட்டால், வெட்கம். ஐந்து நாளாகச் சபை முழுக்க நான் ஊதிய ஊதலுக்கு இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அடுத்த மூப்பர் நான்தான் என்று பேச்சு வேறு அடிபட்டுக்கொண்டிருந்தது. எப்படியும் இடம் கிடைத்துவிடும், குழந்தையும் அப்பனிடம் போய்விடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியைக் கோயில் முகப்பில் வைத்திருந்தார்கள். சிலுவைத் தியானம் நடுவில் போதகர் அவள் பெயரைச் சொன்னார். எஸ்தர் என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்பது போல அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எழுந்து முன்னால் போனாள். மூப்பர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்க, அவள் திருப்பிச் சொன்னாள். "நான் என் பிள்ளைக்கு வியாதி வந்தபோது..." என்பது வரைக்கும் சொன்னாள். "அந்நிய தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மூப்பர் இன்னொரு தரம் சொன்னார். அவள் திரும்பி முகப்பில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அதையும் சொன்னாள். சபை என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள். நாங்கள் மன்னித்தோம். மூன்றாம் பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தையைச் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஈஸ்டர் ஞாயிறு பிச்சையம்மாள் கோயிலுக்கு வந்தாள். திருவிருந்து தொடங்கும் முன்னால், இன்னும் பந்தியில் சேராத பிள்ளைகள் எழுந்து வெளியே போவார்கள். அவர்களோடு அவளும் எழுந்து போய்விட்டாள். இனி விலக்கு இல்லை, வா என்று போதகரே கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை, பிடியரிசியும் குறையவில்லை. பந்திக்கு மட்டும் வரவில்லை.

என்னை மூப்பராக்கினார்கள். மூன்று வருஷம் திருவிருந்து எடுக்காதவர்களின் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிடுவது எங்கள் சபைச் சட்டம். கெடு முடியப்போகிறதே என்று, புத்தி சொல்லச் சபை என்னைத்தான் அனுப்பியது. யாரை அனுப்பியிருக்கிறது பாருங்கள்!

"பேர அடிச்சிருவாங்க பிச்சையம்மா. நாளைக்கு ஒனக்கும் அங்கன எடம் இல்லாமப் போயிரும்," என்றேன்.

"செய்யாதத செஞ்சேன்னு ஆண்டவர் வீட்டுல நின்னு சொன்ன வாயிண்ணே இது. இந்த வாயால எப்படி அப்பத்த வாங்குறது?"

எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை காலையிலேயே பாய் என்னிடம் சொன்னதையும், நான் மறைத்ததையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். தூற்றியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தெரியுங்கண்ணே," என்றாள். "அன்னைக்குச் சாயங்காலமே பாய் துக்கம் விசாரிக்க வந்தாரு. காலையிலயே டெய்லர்கிட்ட கேட்டேன்னு சொன்னாரு."

"அப்போ ஏம்மா சபையில வந்து கேக்கல? என் சட்டையப் பிடிச்சிருக்கலாமே!"

"நான் சொன்னது பொய்யின்னு ஆயிருச்சுன்னா, பொய் சொல்லி வாங்குன எடம்னு பிள்ளையத் தோண்டி வெளிய போட்ருவீங்களோன்னு பயந்தேன்." பிறகு, "இனிமேயும் யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். எம்பிள்ள அங்கனயே கெடக்கட்டும்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

என்னைக் கும்பிட்டாள்! நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அவளே வேண்டாம் என்றுவிட்டாளே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வருஷ ஏட்டில் எஸ்தர் என்ற பெயரின் மேல் கோடு போட்ட பேனா என் கையில்தான் இருந்தது.

நாற்பத்து மூன்றில், லெந்து தொடங்கிய இரண்டாம் வாரம், பிச்சையம்மாள் நெஞ்சுச் சளி முற்றிச் செத்துப்போனாள். புதிதாக வந்திருந்த போதகர் இளவயசுக்காரர். ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் இல்லையே என்றார். பஞ்சாயத்தில் நான் எழுந்து நின்றேன். சந்தனம், பாய், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி, எல்லாவற்றையும் சொன்னேன். ஞானாபரணம் கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்ராம்சா பாயைக் கேட்கலாமா என்றார் போதகர். பாய் செத்து நாலு வருஷமாகிறது.

"இது உண்மைன்னா பதினொரு வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க?" என்று போதகர் கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேரில் இரக்கப்பட்டு, இடத்துக்காக நான் கதை கட்டுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் என் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தார்.

குருநாதன் வந்து சேர மறுநாள் ஆயிற்று. பொதுச் சுடுகாட்டில் குழி வெட்டி வைத்தோம். ஜெபம் பண்ண யாரும் வரவில்லை, தெரிந்த அளவுக்கு நான் பண்ணினேன். புருஷனும் பிள்ளையும் மேலே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவள் கட்டிய வரம்புக்குள் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. போன மாசம் அதில் ஞானாபரணம் மூப்பரை வைத்தார்கள்.