கண்ட்ரோல் ரூம் லீவில் வந்தாள்

தெருவில் அவளுக்குக் கண்ட்ரோல் ரூம் என்று பேர். வைத்தது வேறு யாரும் இல்லை, கட்டின புருஷன்தான். பைக் மெக்கானிக். மனைவி கடல் தாண்டி ஓர் எண்ணெய் நாட்டு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனதும், மூன்று பிள்ளைகளோடு அடுப்படியில் வசமாக மாட்டிக்கொண்டவர். அவள் போன் அடித்தாலே, "சத்தம் போடாதீங்க, கண்ட்ரோல் ரூம் பேசுது" என்று பிள்ளைகளை அடக்குவார்.

பொருத்தமான பேர்தான், சும்மா சொல்லக் கூடாது. சமையலறை அலமாரியில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டால் போதும், அங்கிருந்தே இங்கே குடும்பம் நடத்துவாள். "ஏங்க, பால் சீறுது, அடுப்பைக் குறைங்க" என்பாள். மனுஷன் திரும்புவதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும். "பெரியவனே, குழாயை இறுக்கி மூடுடா, சொட்டுறது எனக்கே கேக்குது" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

அங்கேயும் அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. தோண்டினால் எண்ணெய், திரும்பினால் புதுக் கட்டடம் என்று கிடுகிடுவென வளர்கிற நாடு அது. கட்ட, ஓட்ட, துவைக்க எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு ஆள்தான் வேண்டும். இவளை எடுத்தது வெறுமனே துணி மடிக்க. படுக்கை விரிப்பும் ஆபரேஷன் துணியும் மலை மாதிரி வந்து குவியும். பாஷை புரியாத பெண்களோடு முதலில் கையாலும் கண்ணாலும் பேசினாள். பிறகு அவர்கள் பாஷையிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நீராவி இஸ்திரி மெஷின் மக்கர் பண்ணினால் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். மெக்கானிக் பெண்டாட்டி இல்லையா. லீவில் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஷிப்டையே அவள் கையில் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. கடைக்குட்டி. அது தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற வயசில் விட்டுவிட்டு வந்தது. முதல் வாரம் வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்ததும், பிள்ளை போனுக்குப் பின்னால் போய்த் தேடியிருக்கிறது. ஆளைக் காணோம் என்று அழுது அழுது காய்ச்சலே வந்துவிட்டது. "இனிமே முகத்தைக் காட்ட வேண்டாம், குரல் மட்டும் போதும்" என்று அவளேதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது வேறு கதை. வருஷங்கள் ஓடின. என் பிள்ளை என்னிடம் ஒட்டுமா? விமானத்தில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பயந்தது போலவே ஆயிற்று. பெரியவனும் இரண்டாமவளும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். சின்னவள் அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஊரையே வாயால் கட்டி ஆள்கிறவள் வாசலிலேயே மண்டி போட்டாள். "செல்லம், வாம்மா" என்று குழைந்தாள், கெஞ்சினாள். பிள்ளை சாக்லேட்டை வாங்கிக்கொண்டு தள்ளியே நின்றது.

"பழகிடுவாம்மா. வண்டின்னாலும் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சா ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும்ல" என்றார் அவர்.

"நான் என்ன வண்டியா?" என்று சீறினாள். அழுகைதான் வந்தது.

சாயங்காலம் சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அலமாரிக்குக் கீழே போட்டு ஏறி உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அம்மா கூப்பிடுகிற நேரம். இவள் கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். சத்தம் காட்டாமல் மொட்டை மாடிக்கு ஏறினாள். தன் போனில் வீட்டு நம்பரை அழுத்தினாள்.

"அம்மா!"

இப்போது குழையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலை எடுத்தாள். "பால் குடிச்சாச்சா? டம்ளரை எங்க வெச்ச?"

"தொட்டியில போட்டுட்டேன். அம்மா, வீட்டுக்கு ஒரு அத்தை வந்திருக்காங்க."

மாடிச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்படியா? எப்படி, நல்லவங்களா?"

"நல்லவங்கதான். ஆனா அழுதுட்டே இருக்காங்க. நீ எப்ப வருவ?"

"நான் வந்துட்டேன்டி. மொட்டை மாடியில நிக்கிறேன். போனோட ஏறி வா. படி பாத்து, கைப்பிடியைப் பிடிச்சுக்கோ."

சின்னக் கால்கள் படி ஏறுவது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. கடைசிப் படியில் சின்னவள் நின்றாள். அந்த அத்தை காதில் போனோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அது நீயா?" என்று போனில்தான் கேட்டாள்.

"ஆமாடி" என்றாள் இவள், இவளும் போனில்தான்.

பிள்ளை அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது.

"அப்ப போனை வைம்மா."