வேலிப் பொட்டால் போன கதிரை

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் கதிரை இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். சாய்ந்து இருக்கக் கைபிடி வைத்த மர இருக்கை, அம்மாவின் சீதனம். உடையார்கட்டுப் பக்கம் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்தபோது மாட்டு வண்டியில் அதுவும் ஏறி வந்தது. அக்கம்பக்கத்தாரும் அப்படி வந்தவர்களே. வயல் இருந்தது, நெல் விளைந்தது, குடிக்கத்தான் நல்ல தண்ணீர் இல்லை. அம்மா குளத்துக்கு நடந்துபோய்க் கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைப்பார்.

அந்த வருடம் அரசாங்கக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வீடு வீடாக வந்து என்னென்ன வசதி இருக்கிறதென்று பார்க்கப்போகிறார் என்றார்கள். எங்கள் பகுதியையும் வாய்க்காலுக்கு அப்பால் இருந்த பழைய ஊரையும் ஒப்பிட்டு, வசதி குறைந்த பக்கத்தில் கிணறு வெட்டுவார்களாம். அம்மாவின் முகத்தில் அன்றே கிணறு ஊறிவிட்டது. ஆனால் வருகிறவர் ஐயாவின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் என்று தெரிந்ததும் ஐயாவின் நித்திரை போய்விட்டது.

“வாற மனுசனைப் பாயில இருத்திறதே? நாளைக்கு ஊரில போய்க் கதைப்பார்.”

“கதைக்கட்டுமே. கிணறு வந்தால் எங்களுக்கு அது காணும்,” என்றார் அம்மா.

அம்மாவின் பேச்சு எடுபடவில்லை. மற்ற வீடுகளிலும் இதே வெட்கந்தான். ஐயாவின் தம்பியான குஞ்சியப்பு வழி கண்டுபிடித்தார். வந்தவர் எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி விரித்த கதிரையில் இருந்து, பால் தேத்தண்ணி குடித்து, கேட்டு எழுதிக்கொண்டு படலையால் வெளியேறினார். அவர் ஒழுங்கை சுற்றி அடுத்த படலைக்குப் போவதற்குள் குஞ்சியப்பு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலியில் ஆள் நுழையும் ஓட்டையான பொட்டால் அடுத்த வளவுக்குள் நுழைந்துவிட்டார். வெள்ளை விரித்தபின் எந்தக் கதிரை என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பசுவின் பாலும் கதிரையின் பின்னாலேயே வீடு வீடாகப் போனது. சின்னவர்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

“இந்தப் பக்கம் எல்லாரும் வசதியாத்தான் இருக்கினம்,” என்று கடைசி வீட்டில் அவர் சொன்னாராம். ஐயா அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பழைய ஊரார் கிணற்றுக் கதையை நம்பவில்லை. வரி போடத்தான் வருகிறார்கள் என்று பயந்து மாடுகளையெல்லாம் காட்டுக்குள் சாய்த்துவிட்டு, வெறும் பட்டியைக் காட்டி, வந்தவரைப் பாயில் இருத்தி அனுப்பிவைத்தார்கள்.

கிணறு அங்கே வெட்டப்பட்டது. நல்ல தண்ணீர். அந்த ஊர்ப் பெண்கள் எங்களைத் தடுக்கவில்லை. அம்மா வாய்க்காலைத் தாண்டி அங்கே அள்ளப் போவார், சின்னக் குடத்தோடு நான் பின்னால் போவேன்.

ஒருநாள் வாளியோடு நின்ற பெண் ஒருத்தி, “ஏன் பிள்ளை, உங்கட பக்கம் கிணறு வெட்டேல்லையோ?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நாங்கள் உங்களைவிட வசதியான ஆக்கள். அதுதான் தரேல்லை,” என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலை நிமிரவில்லை. தன் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் முதலில் அம்மாவின் குடத்தை நிரப்பினாள். வசதியான ஆக்கள் என்பதால்தான் எங்களுக்கு முதலில் அள்ளித் தருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.