நோன்புக் கஞ்சி தின்ற குஞ்சுகள்

எங்கள் மாடி வீட்டு மாலிக் பாய் சாதுவான மனுஷர். ஆனால் அவர் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை ஒரு சொல் குறைத்துப் பேசிவிட முடியாது. முல்லா வீதிப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் இருபத்திரண்டு வருடமாக ரமலான் முழுக்க அவர் கைக் கஞ்சிதான். மற்ற மாதங்களில் கல்யாண வீட்டுப் பிரியாணி. காய்ச்சல்காரரோ பிள்ளை பெற்றவளோ, யாராக இருந்தாலும், "நம்ம கஞ்சி ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லு, வயிறு கேக்கும்" என்பார். கறியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி எல்லா வயிற்றுக்கும் எப்படி ஆகும் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சாயங்காலம் தூக்குச் சட்டியை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பது நான்தான்.

அவர் மனைவி ஜஹபர் நிஷா அக்கா துணிக் கம்பெனியில் பதினெட்டு வருடம் தைத்தவர். முட்டி இரண்டும் தேய்ந்து, போன வருடம் வேலையை விட்டார். சும்மா உட்காரத் தெரியாத பிறவி. இந்த ரமலானில் இருபது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை, பொரித்த மறுநாளே வாங்கி வந்து, மொட்டைமாடிக் கொட்டகையில் விட்டு மேலே பல்பு தொங்கவிட்டார்.

"இதுங்க நின்னுடுச்சின்னா போதும் அன்னக்கிளி. இதுவும் கைய விட்டுப் போச்சின்னா நான் இனிமே எதையும் தொடமாட்டேன்," என்றார் என்னிடம்.

ஐந்தாம் நாள் மூன்று செத்துக் கிடந்தன. மற்றவை இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். எச்சம் காய்ந்து, பின்பக்கம் கோந்து போட்ட மாதிரி அடைத்துக் கிடந்தது. கோழியோடு வளர்ந்தவள் என்று பீற்றிக்கொள்கிற எனக்கே கை கால் ஓடவில்லை.

குஞ்சுகளைக் கூடையில் வைத்து, மூவரும் கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். டாக்டர் சரிதா ஒரு குஞ்சின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து, வாயை முகர்ந்தார்.

"என்ன தீனி போடுறீங்க?"

"குஞ்சுத் தீவனந்தாங்க டாக்டர். வேற ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா.

"புளிச்ச வாடை வருதே. எண்ணெய், சோறு, கறி ஏதாவது குடுத்தீங்களா?"

"சேச்சே," என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும், பிய்த்து இழுக்கவே கூடாது. ஈரம் போகத் துவட்டி உடனே பல்பு அடியில் விட வேண்டும். சுத்தமான தண்ணீரும் குஞ்சுத் தீவனமும் போதும். தீனிப்பை சாயங்காலம் நிறைந்தும் காலையில் காலியாகவும் இருந்தால் செரிக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தோம். ஒன்பதாவது குஞ்சில் பாய் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"நிஷா, நான்தான். தினம் அஞ்சு மணிக்கு ஒரு கரண்டி கஞ்சி வெச்சேன். தெருவே குடிக்குது, இதுங்க மட்டும் பாத்துட்டு நிக்குதேன்னு இருந்துச்சி."

இன்றைக்குப் பாய் தொலைந்தார் என்று நினைத்தேன். அக்காவுக்கோ அழுகை முட்டியது.

"நீங்களுமா? நோன்பு தொறந்ததும் நானும் தினம் ஒரு கரண்டி வெச்சேங்க."

எனக்கு வந்ததே கோபம்! "டாக்டர் கேட்டப்ப ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றோடு கஞ்சி மொட்டைமாடி ஏறுவது நின்றது. மறுநாள் இன்னொன்று போய்விட்டது. மற்றவை மெல்லத் தேறின. ஒன்று மட்டும் பாய் சொட்டுச் சொட்டாக விட்ட தண்ணீரையும் இரண்டொரு தீவனத்தூளையும் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பியவர், வெள்ளைச் சட்டையோடு அதை எட்டிப் பார்க்க வந்தார். உள்ளங்கையில் எடுத்தார். தீனிப்பை காலியாகியிருந்தது. குஞ்சு உடம்பை ஒரு உதறு உதறி, அவர் சட்டைக் கையிலேயே எச்சமிட்டது. கெட்டியான, நுனியில் வெள்ளை வைத்த நல்ல எச்சம்.

தொழுகைக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. சட்டை மாற்ற வேண்டும், கை கழுவ வேண்டும். பாய் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "நிஷா, வந்து பாரு, செரிச்சிடுச்சி!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

அக்கா வந்து அந்த எச்சத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பெருநா முடிஞ்சதும் இன்னும் முப்பது வாங்கணும் அன்னக்கிளி. நீயும் கூட வா."