ஜோ லூயிஸின் கட்சிக்காரர்

சின்னச் சின்னப் பொய்களைத் தயங்காமல் சொல்லும் ஒரு மனிதர், எவருக்கும் கேடில்லாத ஒரேயொரு பொய்யை மட்டும் ஏன் சொல்ல மறுக்க வேண்டும்? ஸ்ரனிஸ்லாஸோடு பதினொரு ஆண்டுகள் குடும்பம் நடத்திய அகஸ்ரீனாவுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

பொய்யில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஊரில், பேசாலையிலிருந்த தாய்க்கு எழுதிய கடிதங்களில் அவர் இத்தாலியின் பலேர்மோ நகரிலுள்ள பெரிய ஹொட்டல் ஒன்றில் வேலை செய்தார். விசாவுக்காகக் காவல் அலுவலகத்தில், கொஸ்தூராவில், வரிசை நீளும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சுவலி வரும். பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்று ஒருமுறை அவரே மனைவியிடம் சொன்னார். அதையும் சற்றுப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஆறடி உயரம், அகன்ற கை. அந்தக் கைகளைக் கொண்டு அவர் செய்ததெல்லாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், நாலாம் மாடியில், தொன் கயெத்தானோ என்ற கிழவரைக் குளிக்கவார்த்து, சவரம் செய்து, சூப்புப் பருக்கியதுதான். கிழவருக்கு எண்பத்து மூன்று வயது. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் அவர் ஹெவிவெயிட் குத்துச்சண்டை போட்டவர். மொத்தம் ஏழு சண்டை, ஐந்தில் தோல்வி. அந்த இரண்டு வெற்றிகளையும் அவர் அடிக்கடி சொல்வதில்லை. அவர் பேச விரும்பியது ரொக்கி மார்சியானோவைப் பற்றி. இத்தாலியத் தாய் தகப்பனுக்குப் பிறந்தவன், நாற்பத்தொன்பது சண்டை, ஒன்றிலும் தோற்காதவன்.

ஒவ்வொரு நாளும் சூப்புக் கோப்பை மேசைக்கு வந்ததும் கிழவர் கேட்பார்:

"சொல்லு ஸ்தனிஸ்லாவோ. எல்லாக் காலத்துக்கும் பெரியவன் ஆர்?"

"ஜோ லூயிஸ்."

"மார்சியானோ அவனைக் கயிற்றுக்கு வெளியாலே தள்ளினவன்!"

"அப்ப லூயிசுக்கு முப்பத்தேழு வயது. முழங்கால் செத்த மனுசனை விழுத்தினதெல்லாம் ஒரு வெற்றியோ?"

"முப்பத்தேழு ஒரு வயதோ? மடையா!"

இப்படித் தொடங்கினால் கிழவரின் முகம் தக்காளி போலச் சிவக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் தட்டுவார்கள். மார்சியானோ லூயிஸை விழுத்திய அந்தச் சண்டை நடந்தது ஸ்ரனிஸ்லாஸ் பிறப்பதற்கு முந்திய ஆண்டு. அவர் லூயிஸை எங்கே கண்டார், எப்படி அந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதும் தெளிவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் தான் இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகியதாக நண்பர் லூர்துவிடம் சொல்லியிருந்தார். சண்டைக்காரர்களுக்குத் தண்ணீர் வாளி பிடித்ததாக இன்னொரு நண்பன் விமலராஜிடம் சொல்லியிருந்தார். அகஸ்ரீனாவிடம் எதையும் சொன்னதில்லை. இருவர் சொன்னதையும் கேட்டபின், தன் கணவரைப் பற்றித் தனக்குத் தெரிந்தது முன்னைவிடக் குறைந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

வீட்டு வேலைக்காரருக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. சீசா என்ற பகுதியில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் ஆண்கள் கூடுவார்கள். அந்த ஆண்டு, தொண்ணூற்று நான்கு நவம்பரில், நாற்பத்தைந்து வயது ஜோர்ஜ் ஃபோர்மன் மறுபடியும் உலகப் பட்டத்தை வென்றிருந்தார். அடுத்த வியாழன் தேநீர் ஆறும்வரை வேறு கதையில்லை.

"அலிதான்," என்றார் லூர்து. அவர் ஒரு வழக்கறிஞர் வீட்டில் சமையல். "ஏனெண்டு கேள். கையாலை அடிக்க முதல் வாயாலை அடிச்சவன். எதிராளி மேடைக்கு வரேக்கையே பாதி தோத்துப்போவான்."

"வாய்ப்பேச்சு ஆருக்கு வேணும்?" விமலராஜ் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வீட்டோடு இருந்தான். "டைசனைப் பார். ஒரு வெட்டு, ஆள் துண்டு. வீணா நேரத்தைக் கடத்த மாட்டான்."

"அவன் இப்ப மறியல்லை, கம்பிக்குப் பின்னாலை இருக்கிறானடா!"

"இருந்தால்? கத்தி அலுமாரிக்குள்ளை இருந்தாலும் கத்திதான்."

மொரீசியஸ்காரன் குமாரென் இவர்களிடமிருந்து தமிழ் பழகியவன். "ஃபோர்மன்," என்றான் மெதுவாக. "அவர் விட்டுப் போனார். சாமியைக் கண்டார். பிரசங்கம் பண்ணினார். பிறகு திரும்பி வந்தார். மனம் திரும்பினவர்தான் பெரியவர்."

"நீ சைவக்காரனெல்லே! உனக்கென்ன மனந்திரும்புதல்?" என்று லூர்து சிரித்தார்.

குமாரென் வேலைக்கு நின்று பராமரித்தது ஓய்வுபெற்ற ஒரு பாதிரியாரை.

அடுப்படியில் வடை பொரித்துக்கொண்டிருந்த அகஸ்ரீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் எவரும் தம் சொந்தக் கட்சியைப் பேசவில்லை. வழக்கறிஞர் வீடு அலி, இறைச்சிக் கடை வீடு டைசன், பாதிரியார் வீடு ஃபோர்மன். வாரத்தில் ஆறு நாள் தொலைக்காட்சி பார்க்கும் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டதை, வியாழக்கிழமை தம்முடையதென்று நம்பிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒருவரும் அதை அறியவில்லை. முதலாளி வீட்டுக்கு எதிர்க்கட்சியில் நின்றவர் ஒருவர்தான். அவர் மூலையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

லூர்து அவர் பக்கம் திரும்பினார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சொல்லுவினம், மச்சான். நீ அந்த மனுசன்ரை சோத்தைத் திண்டுகொண்டு அவற்றை ஆளுக்கு எதிரா நிக்கிறாய். இது அடுக்குமோ?"

"லூயிஸ்தான்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

இதை உறுதி என்று மெச்சலாம். அகஸ்ரீனா மெச்சவில்லை. அவள் பயந்தாள். அவர்களுடைய பெர்மெஸ்ஸோ, தங்குவதற்கான அனுமதி, டிசம்பர் நடுவில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், இவர் என் வீட்டில் வேலை செய்கிறார் என்று கிழவரின் மகள் சிஞ்ஞோரா இனேஸ் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் இல்லையென்றால் அவருக்கும் அனுமதி இல்லை, அவர் பெயரில் வந்த அவளுக்கும் இல்லை. கிழவர் கத்தினால் இரத்த அழுத்தம் ஏறும், இன்னொரு பக்கவாதம் வந்தால் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சிஞ்ஞோரா அகஸ்ரீனாவைத் தனியாகக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னாள்: "மார்சியானோ என்று சொல்லட்டும், சண்டை முடியட்டும். மாத முடிவுக்குள் இந்த வீட்டில் அமைதி வந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன்."

அன்றிரவு அகஸ்ரீனா கெஞ்சினாள்.

"ஒரு பேர்தானே. சொன்னால் நாக்கு அழுகிப்போகுமோ?"

"அது சரிவராது."

"அந்த லூயிஸ் உங்களுக்கு என்ன, மாமனோ மச்சானோ? கொஸ்தூராவிலை நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிண்டனீங்கள். அப்ப சரிவந்ததோ?"

அவர் சிரித்தார். "அது கொஸ்தூரா," என்றார்.

ஆனால் அந்த மாதத்தின் இரண்டாம் பாதியில் கிழவரே மாறத் தொடங்கினார். ஃபோர்மனின் சண்டையை அவர் தொலைக்காட்சியில் மூன்று முறை பார்த்திருந்தார். அதன்பின் தன் விழுந்த இடக்கையையே பார்த்தார்; சூப்பு வந்தாலும் கேள்வி வரவில்லை. ஜன்னலை நோக்கித் தலையைத் திருப்பிக்கொண்டு, கப்பல் ஊதுவதைக் கேட்டபடி கிடந்தார். வீடு அமைதியாயிற்று. சிஞ்ஞோரா மகிழ்ந்தாள். அகஸ்ரீனா மெழுகுதிரி கொளுத்தினாள். ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் தினமும் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரம்பியபடியே கழுவக் கொண்டுபோனார்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நண்பகல், அகஸ்ரீனா தாளைத் தானே கொண்டுபோனாள். கணவரை நம்பி அனுப்ப அவளுக்குத் துணிவில்லை. சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பேனா மூடியைத் திறந்தாள். எதிரே சக்கர நாற்காலியில் கிழவர். பக்கத்தில் கரண்டியோடு ஸ்ரனிஸ்லாஸ்.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் வாயைத் திறந்தார்.

"ஸ்தனிஸ்லாவோ. நீ சொன்னது சரி." குரல் கரகரத்தது. "முப்பத்தேழு வயது. முழங்கால் செத்த மனுசன். லூயிஸ்தான் பெரியவன். போதும்."

சிஞ்ஞோராவின் பேனா தாளில் பட்டது. அகஸ்ரீனா மாதாவை நினைத்தாள். இனி ஒரு சொல்லும் தேவையில்லை. இரண்டு ஆண்டு வாதத்தில் அவர் வென்றுவிட்டார், அதுவும் பொய் சொல்லாமல். தலையை ஆட்டினால் போதும்.

ஸ்ரனிஸ்லாஸ் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார்.

"இல்லை, தொன் கயெத்தானோ," என்றார். "மார்சியானோதான்."

கிழவரின் தலை ஜன்னலிலிருந்து திரும்பியது. "என்ன சொன்னாய்?"

"மார்சியானோ. நாற்பத்தொன்பது சண்டை. லூயிஸ் எத்தனை தரம் விழுந்தவன்? உங்களுக்கு நினைவில்லையோ?"

"எனக்கு நினைவில்லையோ? எனக்கோ? பன்னிரண்டு வருசம் பட்டத்தை வைச்சிருந்தவன் ஆர், மடையா? இப்ப வந்து கட்சி மாறுறியோ, கள்ளா!"

முகம் தக்காளியாகச் சிவந்தது. வலக்கை மேசையில் அடித்தது. சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் தட்டினார். கிழவர் கத்துவதற்கு வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கரண்டி சூப்பை உள்ளே வைத்தார். அவர் விழுங்கினார், மறுபடி கத்தினார். பல நாளுக்குப் பின் கோப்பையின் அடி தெரிந்தது.

சிஞ்ஞோரா இனேஸ் அதைப் பார்க்கவில்லை. அவள் தகப்பனின் நெற்றி நரம்பைப் பார்த்தாள். பேனாவை மூடினாள், பாதிக் கையெழுத்தோடு தாளை மடித்து அகஸ்ரீனாவின் கையில் கொடுத்தாள். "திங்கட்கிழமை வர வேண்டாம்," என்றாள்.

அனுமதி முடிந்தபின் மூன்று மாதம், சீருடையைக் கண்டால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாள் அகஸ்ரீனா. பங்குனியில், அவள் துடைத்துப் பெருக்கும் வீட்டு அம்மாளே அவளுக்குத் தாள் எழுதிக் கொடுத்தாள். இம்முறை ஸ்ரனிஸ்லாஸ் மனைவியின் பெயரில் அனுமதி பெற்றார்.

லூர்துவும் விமலராஜும் குமாரெனும் எத்தனையோ வியாழக்கிழமை அவரைக் குடைந்தார்கள். கிழவர் மேல் இரக்கமா, வென்றது பிடிக்கவில்லையா, உண்மையிலேயே மனம் மாறியதா என்று கேட்டார்கள். அவர் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். அகஸ்ரீனா ஒரே ஒரு முறை கேட்டாள், அந்தச் சனிக்கிழமை படியிறங்கும்போது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"கோப்பையைக் கழுவாமல் வந்திட்டன்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அவளைப் படியில் நிற்க விட்டு, மறுபடியும் நாலு மாடி ஏறிப் போனார்.